50 கிராம் கரிச்சானிடம் பருந்து ஏன் ஒதுங்கிப் போகிறது?

தென்திசை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் பறவையியலை முறையாகக் கற்றவன் அல்லன்; பணி ஓய்வுக்குப் பிறகு காலையிலும் மாலையிலும் மாடியில் உட்கார்ந்து, கண்ணில் படுவதை ஒரு நோட்டில் குறித்து வைக்கும் பழக்கம் மட்டுமே உண்டு. வீட்டை ஒட்டி நிற்கும் வேப்பமரத்தின் வெளிக்கிளையில், மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து ஏறத்தாழ 15 அடி தொலைவில், கரிச்சான் இணை ஒன்று கூடு கட்டியிருக்கிறது. கிளை இரண்டாகப் பிரியும் கவையில், மெல்லிய குச்சிகளையும் நார்களையும் சிலந்தி நூலால் பிணைத்து அமைத்த சிறு கிண்ணம் அது. இலைமறைவுகூட இல்லாத இவ்வளவு திறந்த இடத்தில் எந்தத் துணிச்சலில் கட்டியது என்றுதான் முதலில் நினைத்தேன்.

கடந்த செவ்வாய்க்கிழமை அந்தத் துணிச்சலை நேரில் பார்த்தேன். காலை எட்டு மணி அளவில் ஒரு பருந்து, இறக்கையை அசைக்காமல், மரத்துக்கு மேலே தென்னை உயரத்தில் மிதந்து வந்தது. கம்பியில் உட்கார்ந்திருந்த கரிச்சான் நேராக மேலே எழும்பியது. பருந்தைவிட உயரத்துக்குப் போன பிறகு, கரகரவென்று கத்திக்கொண்டே இறக்கையை மடக்கி அதன் முதுகின்மீது விழுந்தது. கொத்தியதா, காலால் உதைத்ததா என்று எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. பருந்து ஒருக்களித்துச் சாய்ந்து கீழே இறங்க, அது மீண்டும் மேலே ஏறி, மீண்டும் விழுந்தது. நான்காவது முறை விழுந்தபோது விரல் நீளத்தில் ஒரு பழுப்பு இறகு கழன்று, சுழன்று சுழன்று எங்கள் மாடித் தரையில் வந்து விழுந்தது. அதை எடுத்து நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். பருந்து ஒருமுறைகூடத் திரும்பித் தாக்காமல், தெருமுனையைத் தாண்டும் வரை துரத்தப்பட்டே போயிற்று.

இதுபோல் காகம், வால்காக்கை, செம்போத்து, அணில், பூனை என்று யாரையும் அது விட்டுவைப்பதில்லை. ஆனால் அதே மரத்தில், கூட்டிலிருந்து இரண்டே கிளை தள்ளி, ஒரு புள்ளிப்புறா நிம்மதியாக அடைகாக்கிறது. அதைக் கரிச்சான் ஏறிட்டும் பார்ப்பதில்லை.

இன்னொன்றைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. நான் மாடிக்கு ஏறினால் என் தலையிலும் அடி விழுகிறது. என் மனைவி தினமும் துணி காயப்போட மரத்துக்கு இன்னும் அருகில் போகிறார். அவரை ஒன்றும் செய்வதில்லை. கூடு கட்டிக்கொண்டிருந்த நாட்களில் நான் துரட்டியால் அந்தப் பக்கத்துக் காய்ந்த சுள்ளிகளை ஒடித்தேன். அதை நினைவில் வைத்துக்கொண்டு பழிவாங்குகிறதா? இவ்வளவு பெரிய பருந்து ஏன் திருப்பித் தாக்குவதில்லை? புறாவுக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


கூடுகாணி எழுதியது:

ஐயா, வணக்கம். முதலில் பெயரை உறுதி செய்துகொள்வோம், ஏனெனில் கரிச்சான் என்று சொல்லிக் குண்டுக்கரிச்சானைக் குறிப்பவர்களும் இருக்கிறார்கள். அது கறுப்பும் வெள்ளையுமாக, வாலைத் தூக்கி நிறுத்திக்கொண்டு இனிமையாகப் பாடும் வேறொரு பறவை. உங்களுடையது உடல் முழுவதும் பளபளக்கும் கறுப்பாகவும், வால் நுனி மீன்வாலைப் போல இரண்டாகப் பிளந்தும், அலகின் அடியில் வாய் தொடங்கும் இடத்தில் சிறு வெள்ளைப் புள்ளியுடனும் இருந்தால், இரட்டைவால் குருவி என்றும் வலியன் என்றும் சொல்லப்படும் கரிச்சானேதான். நீங்கள் விவரித்த கூடும் நடத்தையும் அதற்கே பொருந்துகின்றன. வாலோடு சேர்த்து 28 செ.மீ. நீளம் இருந்தாலும், எடை 50 கிராமைச் சுற்றியே இருக்கும். காகம் அதைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். பருந்து பன்னிரண்டு மடங்குக்குக் குறையாது.

பருந்து திருப்பித் தாக்காததற்குக் காரணத்தை அதன் உடலமைப்பிலேயே தேடலாம். பருந்தின் ஆயுதம் கால். அது கீழேயும் முன்னேயும் உள்ளதைப் பற்றுவதற்காக அமைந்தது. கரிச்சான் வருவதோ மேலேயிருந்தும் பின்னாலிருந்தும். எடைக்கு ஏற்ற இறக்கைப் பரப்பைப் பொறுத்துத்தான் ஒரு பறவை எவ்வளவு குறுகிய வட்டத்தில் திரும்ப முடியும் என்பது அமைகிறது. மிதப்பதற்கென்று நீண்ட இறக்கை கொண்ட பருந்து திரும்பி முடிப்பதற்குள், வாலை விரித்தும் மடக்கியும் நினைத்த இடத்தில் நினைத்தபடி திரும்பும் கரிச்சான் மறுபடி அதன் முதுகுக்கு மேலே போய்விடும். ஒருவேளை பிடித்தாலும் 50 கிராம் இறைச்சிதான் கிடைக்கும். அதற்காகச் செலவிடும் உழைப்போ மிக அதிகம். ஆகவே பருந்து பயந்து ஓடுகிறது என்பதைவிட, தொல்லை தாங்காமல் இடத்தை மாற்றிக்கொள்கிறது என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. கத்திக்கொண்டே வருவதிலும் ஒரு பயன் இருக்கிறது: மறைந்து வந்து பிடிக்கும் எதிரிக்கு, தான் இருக்கும் இடம் அக்கம்பக்கம் முழுவதும் தெரிந்துபோன பிறகு அங்கே வேலை இல்லை.

இன்னும் சில நாட்கள் பார்த்தீர்களானால், பருந்து சில வேளைகளில் பறந்தபடியே ஒருக்களித்துப் புரண்டு, கால் நகங்களை மேல்நோக்கிக் காட்டுவதையும் காண்பீர்கள். அந்தக் கணத்தில் கரிச்சானைக் கவனியுங்கள். பாய்ச்சலைப் பாதியில் முறித்துக்கொண்டு விலகிவிடும். பருந்தின் முகத்துக்கு நேரே போய் மோதாது. அலகும் நகமும் எட்டாத இடம் எது என்று அதற்குத் தெரியும். அந்த இடத்தில் மட்டும்தான் அதன் வீரம். இதைச் சொன்னால் கரிச்சானின் பெருமையைக் குறைக்கிறேன் என்று சில நண்பர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். எனக்கோ, கண்மூடித்தனமாகப் பாய்வதைவிட இதுதான் வியப்பாக இருக்கிறது.

கூட்டின் நிலையைப் பொறுத்தும் இந்தச் சீற்றம் மாறும். கரிச்சான் வழக்கமாக 3 அல்லது 4 முட்டையிடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். 14 அல்லது 15 நாட்களில் குஞ்சு பொரியும். முட்டையை இழந்தால் அந்தப் பருவத்திலேயே மறுபடியும் இடுவதற்கு நேரம் இருக்கலாம். வளர்ந்த குஞ்சை இழந்தால் அத்தனை நாள் உழைப்பும் போயிற்று. அதனால் பல பறவை இனங்களில், நாள் செல்லச் செல்லப் பெற்றோர் மேலும் துணிந்து, மேலும் நெருங்கித் தாக்குகின்றன. உங்கள் நோட்டில் தேதியோடு, எதிரி எந்த இடத்தைத் தாண்டியபோது கரிச்சான் கிளம்பியது என்பதையும் குறித்துவந்தால், இந்த மாற்றத்தை நீங்களே அளந்துவிடலாம்.

உங்கள் தலையில் விழும் அடிக்கு வருவோம். பழிவாங்கல் என்ற சொல்லை நான் பயன்படுத்த மாட்டேன். ஆனால் ஆளை அடையாளம் வைத்துக்கொள்வது நடக்கக்கூடியதே. அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழக வளாகத்தில் மாக்கிங்பேர்ட் என்னும் பறவையிடம் இதைச் சோதித்து 2009-இல் வெளியிட்டார்கள். ஒரே ஆள் தொடர்ந்து 4 நாட்கள் கூட்டருகே போய்ச் சில நொடிகள் கூட்டைத் தொட்டுவிட்டு வந்தார். ஒவ்வொரு நாளும் பறவை முன்னைவிடத் தொலைவிலேயே அவரைக் கண்டு எழும்பியது, தாக்குதலும் கூடியது. ஐந்தாம் நாள் வேறொருவர் அதேபோல் போனபோது, அது முதல் நாளைப் போல அமைதிக்குத் திரும்பிவிட்டது. வளாகத்தில் தினமும் நூற்றுக்கணக்கானவர்கள் நடமாடும் இடம் அது. அது வேறு இனம். ஆனால் துரட்டியோடு நின்றவரையும் துணி காயப்போட்டவரையும் உங்கள் கரிச்சான் பிரித்துப் பார்க்கிறது என்றால் நான் நம்பத் தயங்க மாட்டேன்.

இன்னும் சில வாரங்களுக்குக் குடை பிடித்துக்கொண்டு மாடிக்குப் போங்கள். பெரும்பாலும் பின்னாலிருந்தே வரும் என்பதால், மரத்துக்கு முதுகைக் காட்டாமல் உட்கார்ந்தாலும் பாதி அடி குறையும். கையை வீசி விரட்ட வேண்டாம். அது உங்கள் கணக்கில் இன்னொரு குற்றமாகச் சேரும்.


நிழல்மரம் எழுதியது:

கூடுகாணி அவர்களின் விளக்கம் நன்றாக இருக்கிறது. ஆனால் புறாவைப் பற்றிய கேள்விக்கு விடை சொல்லாமல் விட்டுவிட்டார். கரிச்சான் கூடு இருக்கும் மரத்தில் புறாவும், மாங்குயிலும், சின்னானும், தவிட்டுக்குருவியும் கூடு கட்டுவதை நான் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். ஒரே மரத்தில் ஆறடி இடைவெளியில் கரிச்சானும் மாங்குயிலும் குஞ்சு வளர்த்ததை ஒருமுறை தொடக்கம் முதல் முடிவு வரை கவனித்தேன். காகம் மாங்குயில் கூட்டை நோக்கி வந்தபோதும் பாய்ந்தது கரிச்சான்தான்; மாங்குயில் இலைக்குள் இருந்து கத்தியதோடு சரி. ஊர்க்காவலன் என்று இதைச் சொல்வதில் என்ன தவறு? எளிய பறவைகளுக்கு அடைக்கலம் தருகிற குணம் இதனிடம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. எல்லாவற்றையும் செலவு வரவாகவே பார்க்க வேண்டுமா?


எழுதுகோல் எழுதியது:

நிழல்மரம் அவர்களுக்கு: நீங்கள் பார்த்ததில் எனக்கு ஐயமில்லை, அதற்குக் கொடுத்த பெயரில்தான் உடன்பாடில்லை. காகம் எந்தக் கூட்டுக்காக வந்தது என்று கரிச்சான் விசாரிப்பதில்லை. தன் எல்லைக்குள் காகம் வந்தது, அவ்வளவுதான். புறா முட்டை திருடாது, குஞ்சைத் தூக்காது, கரிச்சான் பிடிக்கும் பூச்சிகளுக்குப் போட்டிக்கும் வராது. எனவே அதை விரட்டிச் சிறகைக் களைப்பாக்கிக்கொள்ளத் தேவையில்லை. அடைக்கலம் கொடுத்தது கரிச்சான் அன்று, எடுத்துக்கொண்டது புறா என்று சொல்வேன். வாடகையில்லாமல் காவல் கிடைக்கும் இடத்தை எந்தப் புறாதான் விடும்?

காவலன் என்ற பெயரை நான் ஏற்க மறுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இதே பறவை வழிப்பறியும் செய்யும். புல்தரையில் மேயும் மாட்டைச் சுற்றி மைனாக்கள் பூச்சி தேடிக்கொண்டிருந்த ஓர் இடத்தில் ஒரு பிற்பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். மாட்டின் முதுகில் ஒரு கரிச்சான். மாடு காலெடுத்து வைக்கும்போது கிளம்பும் தத்துக்கிளிகளை அதுவும் பிடித்துக்கொண்டிருந்தது. சற்றுத் தள்ளி ஒரு மைனா பெரிய தத்துக்கிளி ஒன்றைத் தரையில் அடித்துக் காலை ஒடித்துக்கொண்டிருந்த நேரத்தில், வல்லூறின் கூர்மையான குரல் கேட்டது. மைனாக்கள் எல்லாம் ஒரே வீச்சில் எழும்பிப் பறந்தன. நானும் வானத்தைப் பார்த்தேன். வல்லூறு எங்கும் இல்லை. மறுபடி கீழே பார்த்தபோது தத்துக்கிளி கரிச்சானின் அலகில் இருந்தது. வல்லூறின் குரலில் கத்தி மைனாக்களைக் கலைத்து இரையைப் பறிப்பது கரிச்சானுக்குப் பழகிய வேலை என்று பறவை நோக்குவோர் முன்பே பதிவு செய்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நான் ஏமாந்தது எனக்கே சிரிப்பாக இருந்தது.

இதன் ஆப்பிரிக்க உறவினர் ஒன்று இந்தத் தொழிலில் இன்னும் தேர்ந்தது. கலஹாரி பாலைநிலத்தில் வாழும் பிளவுவால் கரிச்சான், மீர்கட் என்னும் சிறு விலங்குகளையும் கூட்டமாக இரை தேடும் சில பறவைகளையும் பின்தொடர்ந்து, பகை வரும்போது உண்மையாகவே எச்சரிக்கை கொடுக்கும். அவை அதை நம்பப் பழகியபின், யாராவது நல்ல இரையைத் தோண்டி எடுத்த நேரம் பார்த்துப் பொய்யாகக் கத்தும். அவை இரையைப் போட்டுவிட்டு ஓடும். ஒரே குரலை அடிக்கடி கேட்டால் ஏமாறுபவர் விழித்துக்கொள்வார் அல்லவா? அதற்கும் வழி வைத்திருக்கிறது: குரலை மாற்றிவிடும். இவ்வாறு அந்த இனம் எழுப்பிய 51 வகை எச்சரிக்கைக் குரல்களை ஆய்வாளர்கள் பதிவு செய்து 2014-இல் வெளியிட்டார்கள். அவற்றில் பல மற்ற இனங்களிடமிருந்து கற்றுக்கொண்ட குரல்கள்.

ஆகவே ஐயா, உங்கள் நோட்டில் ஒரு துரத்தலைக் குறிக்கும்போது, அது எந்த வகைத் துரத்தல் என்பதையும் எழுதுங்கள். கூட்டைக் காப்பதற்கான துரத்தலில், ஓடுகிறவரின் அலகில் ஒன்றும் இருக்காது. குறிப்பிட்ட தொலைவு வரை விரட்டிவிட்டுக் கரிச்சான் கம்பிக்குத் திரும்பிவிடும். வழிப்பறியில், ஓடுகிறவர் எதையாவது கவ்விக்கொண்டிருப்பார். அது கீழே விழுந்த நொடியில் துரத்தலும் முடிந்துவிடும். அரிதாகச் சிறு பறவைகளையே பிடித்துத் தின்பதும் உண்டு என்பதால், அடைக்கலம் கொடுக்கிறவர் என்று நம்பி எல்லாக் குருவிகளும் அருகில் போய் உட்காருவதில்லை.


நிழல்மரம் எழுதியது:

வல்லூறு கதை எனக்குப் புதிது; அதற்கு நன்றி. காவலன் என்ற பெயரை முழுவதும் விட்டுவிட மனம் வரவில்லை, ஆனாலும் கையூட்டு வாங்கும் காவலன் என்று திருத்திக்கொள்கிறேன்.


தென்திசை எழுதியது:

உடனுக்குடன் விடை எழுதிய மூவருக்கும் நன்றி. ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்து எழுதுவதற்குக் காரணம், கூடுகாணி அவர்கள் சொன்னபடி அளந்து பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்ததுதான்.

மரத்திலிருந்து தெரு மின்கம்பம் ஏறத்தாழ 30 அடி. அடுத்த வீட்டுத் தென்னை 60 அடி. இவை இரண்டையும் எல்லைக் கற்களாக வைத்துக்கொண்டேன். அடைகாத்த நாட்களில், காகம் மின்கம்பத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால்தான் கரிச்சான் கிளம்பியது. தாண்டாமல் கம்பத்தின்மேல் உட்கார்ந்தால் கத்தியதோடு சரி. குஞ்சு பொரித்து ஒரு வாரம் ஆனபின், தென்னைக்கு அப்பால் வரும்போதே போய் எதிர்கொண்டது. நேரமும் நீண்டது. மற்ற பறவைகள் அடங்கிய பிறகு, முகம் தெரியாத மங்கலில்கூட, மரப்பொந்திலிருந்து வெளியே வந்த புள்ளி ஆந்தையை இரண்டும் சேர்ந்து விரட்டின. விடிவதற்கு முன்பே மறுபடி கம்பியில் இருந்தன. எப்போது தூங்குகின்றன என்றே எனக்குப் புரியவில்லை. எழுதுகோல் அவர்கள் சொன்ன வழிப்பறி இந்த நாட்களில் இரண்டே முறை. இரண்டிலும் பறிகொடுத்தது மைனாதான்.

ஆளை அடையாளம் காண்கிறதா என்று நானாகச் சோதிக்கவில்லை. மறுபடி துரட்டியைத் தூக்கிக் கூட்டைத் தொந்தரவு செய்ய மனமில்லை. ஆனால் தற்செயலாக ஒன்று நடந்தது. என் தம்பி வந்திருந்தார். என்னைப் போலவே உயரம், என்னைப் போலவே வழுக்கை. குடையில்லாமல் அரை மணி நேரம் மாடியில் நின்றார், ஒன்றும் நடக்கவில்லை. நான் குடையோடு ஏறிய இரண்டாவது நிமிடத்தில் குடைத்துணியில் அடி விழுந்தது. ஒரே ஒரு நிகழ்ச்சியை வைத்து முடிவு கட்டக்கூடாதுதான். ஆனாலும் தம்பிக்கு அன்று முழுவதும் ஒரே மகிழ்ச்சி.

குஞ்சுகள் பொரித்த 18-ஆம் நாள் மூன்றும் கூட்டை விட்டுக் கிளைக்கு வந்துவிட்டன. வால் இன்னும் குட்டை. அதற்குப் பிந்திய பத்து நாட்கள்தான் மிகக் கடுமையானவை. ஒரு குஞ்சு கைப்பிடிச் சுவரில் வந்து உட்கார்ந்த காலையில், கதவைத் திறந்த என் மனைவிக்கும் முதல்முறையாக அடி விழுந்தது. இனி உன் தரப்பில் பேச மாட்டேன் என்று கரிச்சானிடம் சொல்லிவிட்டார்.

இப்போது ஓர் ஐயம் எழுந்திருக்கிறது. கூட்டை விட்டு ஒரு மாதம் ஆன பிறகும் ஓர் இளம் பறவை கம்பியில் பெரிய பறவையின் அருகே நகர்ந்து நகர்ந்து போய், இறக்கையை நடுக்கி இரை கேட்கிறது. முதலில் பெரியது விலகி உட்கார்ந்தது. நேற்று மாலை, பருந்தின் முதுகில் விழுந்த அதே பாய்ச்சலில், அதே கரகரப்போடு, அதன்மேலும் விழுந்தது. இளையது தென்னையைத் தாண்டி ஓடிப்போய், இன்று பகல் வரை இந்தப் பக்கம் திரும்பவில்லை. அது உண்மையில் இதனுடைய குஞ்சுதானா, அல்லது வெளியிலிருந்து வந்த வேறொன்றா?


கூடுகாணி எழுதியது:

ஐயா, இரண்டு மாதக் குறிப்பை இப்படிப் பொறுமையாக எழுதி வைத்தவர்கள் இங்கே குறைவு. அந்த 30 அடி, 60 அடிக் கணக்கைத் தேதியோடு தனியாக ஒரு பதிவாக இடுங்கள், பலருக்கும் பயன்படும்.

அது பெரும்பாலும் அதன் குஞ்சேதான். கூட்டை விட்டபின் ஒரு மாதம் வரை பெற்றோர் ஊட்டிக் காக்கும். அதற்குமேலும் கேட்டால் கண்டுகொள்ளாமல் இருக்கும், பிறகு விரட்டும். உறுதி செய்துகொள்ள, மறுபடி வந்தால் வயிற்றுப் பக்கத்தைப் பாருங்கள். இளம் பறவைக்குக் கருமை நிறைந்திருக்காது. வயிற்றில் வெண்மையான அலைக்கோடுகள் இருக்கும். அந்தக் கோடுகளோடு தென்னைப் பக்கம் ஒன்று உட்கார்ந்திருந்தால், அது யாரைத் துரத்துகிறது என்பதையும் குறித்து வையுங்கள்.


தென்திசை எழுதியது:

வயிற்றில் கோடுகள் இருக்கின்றன. இன்று மாலை தொலைநோக்கியில் பார்த்துவிட்டேன். தென்னை மட்டையில் தனியாக உட்கார்ந்திருந்தது. ஒரு காகம் கீழே வந்து உட்கார்ந்ததும் எழும்பி மேலே போய், பாதி தூரம் பாய்ந்து, காகம் தலையைத் தூக்கிப் பார்த்ததும் மட்டைக்கே திரும்பிவிட்டது.